உங்கள் ஊருக்கு ஏன் அந்தப் பெயர்? வேரைத் தேடிப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

‘ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா’ என்பதன் சுருக்கம்தான் ஆவடி என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பீரங்கி வண்டித் தொழிற்சாலை அங்கேதானே இருக்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்தத் தொழிற்சாலை வந்தது 1960களில். காங்கிரஸ் கட்சி சோசலிச பாணி சமுதாயம் பற்றித் தீர்மானம் போட்ட புகழ்பெற்ற ஆவடி மாநாடு 1955 ஜனவரியிலேயே நடந்துவிட்டது. தொழிற்சாலை வருமுன்பே ஊரும் இருந்தது, பெயரும் இருந்தது. ஒரே ஒரு தேதியை எடுத்து வைத்தால் போதும், கதை கலைந்துவிடுகிறது.

ஊர்ப்பெயர் தேடுவதில் பாதி வேலை இப்படித்தான் நடக்கும். இன்று காதில் விழும் ஒலியை வைத்துக்கொண்டு பொருள் சொல்வது எவருக்கும் எளிது. அந்தப் பெயர் முந்நூறு வருடங்களுக்கு முன், ஆயிரம் வருடங்களுக்கு முன் எப்படி ஒலித்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பொருளைப் பற்றிப் பேசவே முடியும். தமிழ்நாட்டில் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு அந்தத் தேடலை எப்படி நடத்துவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நோட்டுப் புத்தகம் ஒன்று, கொஞ்சம் நேரம், நிறையச் சந்தேக புத்தி. இவை போதும்.

முதல் படி: பெயரின் எல்லா வடிவங்களையும் திரட்டுங்கள்

ஓர் ஊருக்கு ஒரு பெயர்தான் என்று நினைத்துத் தொடங்காதீர்கள். பேருந்துப் பலகையில் ஒன்று, பட்டாவில் ஒன்று, ரயில் நிலையத்தில் ஒன்று, கோயில் அழைப்பிதழில் ‘திரு’ சேர்த்து ஒன்று, பாட்டி வாயில் ஒன்று என ஐந்தாறாவது கிடைக்கும். எல்லாவற்றையும் எழுதுங்கள். எது சரி, எது தப்பு என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

பாட்டி சொல்வதைக் கொச்சை என்று தள்ளிவிடாதீர்கள். மதுரையைக் கிராமத்துப் பெரியவர்கள் ‘மருதை’ என்பார்கள். மருத மரத்திலிருந்து பெயர் வந்தது என்பவர்கள் காட்டும் சான்றுகளில் அதுவும் ஒன்று. அந்த முடிவை ஏற்பதும் ஏற்காததும் வேறு விஷயம். வடிவத்தைக் குறித்து வைப்பது நம் வேலை.

ஆங்கிலேயர் எழுதிய பெயர்களையும் அதே போலப் பொறுமையாகப் பாருங்கள். அவர்கள் பெயரைக் கெடுத்தார்கள்தான். ஆனால் கெடுக்கும்போது அன்றைய உச்சரிப்பைத் தங்கள் காதுக்கு எட்டிய வரை பிடித்தும் வைத்திருக்கிறார்கள். உதகமண்டலம் நல்ல உதாரணம். ‘உதகம்’ என்றால் நீர், ஆகவே நீர் சூழ்ந்த மண்டலம் என்று பொருள் சொல்வார்கள். ஆனால் 1821இல் அந்த ஊர் ஆங்கில எழுத்தில் முதலில் தலைகாட்டியபோது ‘வோட்டோகிமண்ட்’ என்றுதான் இருந்தது. கடைசியில் இருக்கும் ‘மண்ட்’ தோடர்களின் குடியிருப்பைக் குறிக்கும் ‘மந்து’. நீலகிரி முழுக்க மந்துகள் உண்டு. ‘மண்டலம்’ என்ற கம்பீரமான சொல் பிறகு வந்து உட்கார்ந்துகொண்டது.

தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது எவ்வளவு வம்பு என்பதற்கு ஒரு சின்ன நினைவூட்டல்: 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டது, வந்த கேலியிலும் குழப்பத்திலும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது.

பட்டா, பத்திரம் பார்க்கும்போது ஒரு நுணுக்கம். வருவாய் கிராமத்தின் பெயர் வேறு, நீங்கள் குடியிருக்கும் குக்கிராமத்தின் பெயர் வேறாக இருக்கலாம். பெரும்பாலும் பழைய பெயர் வருவாய் கிராமத்திடம்தான் தங்கியிருக்கும். பத்திரத்தில் ‘இன்ன வட்டம், இன்ன கிராமம்’ என்று வரும் இடத்தில் விரலை வைத்துப் படியுங்கள்.

இரண்டாம் படி: வாலையும் தலையையும் பிரியுங்கள்

தமிழ் ஊர்ப்பெயர் பெரும்பாலும் இரண்டு துண்டு. வால், அது என்ன மாதிரி இடம் என்று சொல்லும். தலை, யாருடையது, எந்த மரம், எந்தச் சாமி என்று சொல்லும். வாலில் தொடங்குவதே நல்லது. ஒரே வால் நூறு ஊர்களுக்கு இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். தலை அந்த ஊருக்கே உரியது, அதில்தான் ஆளாளுக்குக் கற்பனை ஓடும்.

நீரைச் சொல்லும் வால்களைத்தான் நம் ஆட்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். குளம், ஏரி, துறை எல்லாம் யாருக்கும் புரியும். ‘தாங்கல்’? வேடந்தாங்கல் என்றால் வேடர்கள் வந்து தங்கிய இடம் என்று சொல்லிவிடுவோம். தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்பது நீரைத் தாங்கி வைக்கும் ஏரிக்குப் பெயர். பறவைகள் இன்றும் வந்து இறங்குவது அந்த ஏரியில்தான். அதே போல ‘ஏந்தல்’. அதுவும் ஆழமில்லாத நீர்நிலை. தாங்குவதும் ஏந்துவதும் ஒரே வேலை என்பதைக் கவனித்தால், இந்தச் சொற்களை உண்டாக்கியவர்கள் மழைநீரை எப்படிப் பார்த்தார்கள் என்பது புரியும்.

பட்டி என்பது முதலில் ஆடுமாடு அடைக்கும் இடம், பிறகு சிற்றூர். பாளையம் படை தங்கிய இடம். மதுரை நாயக்கர் காலத்தில் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தபோது அச்சொல் ஆட்சிப் பிரிவின் பெயராகவும் ஆயிற்று. பேட்டை சந்தையும் தொழிலும் சேர்ந்த இடம். சென்னையில் 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய சிந்தாதிரிப்பேட்டை, ‘சின்னத் தறிப் பேட்டை’ என்பதன் திரிபு என்பார்கள். சத்திரம் என்று முடிந்தால் அந்த வழியில் யாரோ நடந்து போயிருக்கிறார்கள், யாரோ சோறு போட்டிருக்கிறார்கள். கொங்கு நாட்டு ‘வலசு’ இடம்பெயர்ந்து வந்து குடியேறியவர்களைச் சொல்லும்; வலசை போதல் என்கிறோமே, அதே சொல். குமரி மாவட்டத்து ‘விளை’யைத் தஞ்சாவூரில் தேடினால் கிடைக்காது. ஆக, வால் உங்கள் வட்டாரத்தையும் காட்டிக்கொடுக்கும்.

மங்கலம் என்ற வாலைப் பார்த்தால் ‘சதுர்வேதிமங்கலம்’ நினைவுக்கு வர வேண்டும். பிராமணர்களுக்கு அரசர் கொடுத்த பிரமதேய ஊர்களின் பெயர் அப்படி முடியும். குடவோலைக் கல்வெட்டால் எல்லோருக்கும் தெரிந்த உத்திரமேரூர் அப்படியொரு சதுர்வேதிமங்கலம். அதற்காக மங்கலம் எல்லாமே பிரமதேயம் என்று எழுதிவிடாதீர்கள். கல்வெட்டில் முழுப் பெயர் கிடைத்தால் மட்டும் சொல்லுங்கள்.

சேரி, பள்ளி இரண்டிலும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சேரி என்பது சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது கம்மாணசேரி, பறைச்சேரி, ஈழச்சேரி என்று அவரவர் குடியிருப்பும் தனித்தனியாக வருகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சேரி. பின்னால் அந்தச் சொல்லை ஒரே மக்கள்மேல் சுமத்தி, ஒதுக்கி வைத்த இடத்தின் பெயராக ஆக்கிவிட்டார்கள். வேளச்சேரி, புதுச்சேரி என்று வாய் கூசாமல் சொல்லும் பெரிய மனிதர்கள், வெறும் ‘சேரி’ என்றால் முகம் சுளிப்பது அந்தச் சுமத்தலின் மிச்சம்.

பள்ளியில் வேறு சிக்கல். சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடமும் பள்ளி. ஓசூர்ப் பக்கம் போனால் தெலுங்கின் ‘பல்லெ’, கன்னடத்தின் ‘ஹள்ளி’ இரண்டும் பள்ளியாக உருமாறி நிற்கும். முன்னது துறவியின் படுக்கை, பின்னது சாதாரணக் கிராமம். எழுத்து ஒன்று, வேர் இரண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஒவ்வொரு பள்ளியிலும் சமண முனிவரைத் தேடினால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும்.

பள்ளிப் பாடத்தில் படித்த திணைக் கணக்கை, குறிஞ்சிக்குக் குறிச்சி, முல்லைக்குப் பாடி, மருதத்துக்கு ஊர், நெய்தலுக்குப் பாக்கமும் பட்டினமும் என்பதை, அப்படியே பொருத்தாதீர்கள். பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ப் பாருங்கள். மலை எங்கே?

மூன்றாம் படி: மிகப் பழைய எழுத்தைத் தேடுங்கள்

இதுதான் உயிர்நாடி. நேரம் அதிகம் பிடிப்பதும் இதுதான்.

தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். 1620இல் டேனியர், அதாவது டென்மார்க் நாட்டவர், வந்து கோட்டை கட்டிய ஊர். தரங்கம் என்றால் அலை. ஆகவே ‘அலைகள் பாடும் ஊர்’ என்று சுற்றுலாக் கையேடுகள் உருகும். அழகான விளக்கம். ஆனால் அங்கே கடலோரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு, 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தது, ஊரைச் ‘சடங்கன்பாடி’ என்கிறது. குலசேகரன்பட்டினம் என்றொரு பெயரும் கொடுக்கிறது. பாடுவதற்கும் ‘பாடி’க்கும் தொடர்பே இல்லை. பாடி என்பது ஊர். சடங்கன் எப்போதோ தரங்கம் ஆனான், அதன் பிறகு அலைகள் பாடத் தொடங்கின.

உங்கள் ஊருக்கு இதே வேலையைச் செய்ய, முதலில் ஊரிலோ பக்கத்திலோ இருக்கும் பழைய கற்கோயிலுக்குப் போங்கள். கருவறையின் வெளிச்சுவர், அதன் அடியில் இருக்கும் அதிட்டானம், இந்த இரண்டு இடங்களிலும் எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்களே படிக்க முடியாவிட்டாலும் கவலை வேண்டாம். மத்தியத் தொல்லியல் துறை 1890 முதல் வெளியிட்டுவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலோ, 1887 முதல் வந்த ஆண்டறிக்கைகளிலோ, மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்ட வாரியான கல்வெட்டு நூல்களிலோ அது அச்சாகியிருக்க வாய்ப்பு அதிகம். இவற்றில் பலவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடும்போது ஊர்ப் பெயரை விடக் கோயில் பெயரையும் வட்டத்தையும் வைத்துத் தேடுங்கள். ஊர்ப் பெயர்தான் மாறியிருக்குமே!

சுவரில் கை வைத்துச் சுண்ணாம்பைச் சுரண்டுவது, மாவு தடவுவது எல்லாம் கூடவே கூடாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும் காலை அல்லது மாலை நேரத்தில் படம் எடுங்கள், போதும்.

சோழர் கல்வெட்டு ஊரைச் சொல்லும் முறை நம் அஞ்சல் முகவரியைத் தலைகீழாக்கினது போல இருக்கும். மண்டலம், வளநாடு அல்லது கோட்டம், நாடு, கடைசியில் ஊர். இன்றைய சென்னைப் பகுதி ஊர்கள் பல ‘புலியூர்க் கோட்டத்து’ என்ற அடையோடு வருவதைப் பார்க்கலாம். ஒரே பெயரில் பத்து ஊர்கள் இருந்தாலும் இந்த முகவரியை வைத்து உங்கள் ஊர்தானா என்று உறுதி செய்யலாம். இதைச் செய்யாமல் வேறோர் ஊரின் கல்வெட்டைத் தன் ஊருக்கு ஒட்டவைத்துப் பெருமைப்படுபவர்கள் ஏராளம்.

இன்னொன்று, ‘ஆன’ என்ற சொல்லைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுங்கள். ‘இன்ன ஊரான இன்ன சதுர்வேதிமங்கலம்’ என்று வரும். முதலில் இருப்பது மக்கள் பெயர், பின்னால் வருவது அரசன் சூட்டியது. பெரும்பாலான ஊர்களில் அரசன் பெயர் அவன் வம்சத்தோடு போய்விட்டது, மக்கள் பெயர் நின்றுவிட்டது. கங்கைகொண்ட சோழபுரம் போலப் பட்டப்பெயர் பிழைத்த ஊர்கள் குறைவு. பிழைத்தாலும் உருத்தெரியாமல் தேய்ந்திருக்கும். இரண்டாம் ராஜராஜன் கட்டிய இராசராசேச்சுரம்தான் மக்கள் நாக்கில் தாராசுரம் ஆயிற்று என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

பாடல் பெற்ற தலமாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தேவாரமும் திவ்யப் பிரபந்தமும் ஏழாம் நூற்றாண்டிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டு வரையிலான பெயர்களைச் செய்யுளில் பூட்டி வைத்திருக்கின்றன. எதுகை மோனை இருப்பதால் பின்னால் வந்தவர்கள் எளிதில் மாற்றவும் முடியாது. திரிசிரன் என்ற மூன்று தலை அரக்கன் பூசித்ததால் திருச்சிராப்பள்ளி என்கிறது தலபுராணம். ஞானசம்பந்தர் பாட்டில் ஊர் வெறும் ‘சிராப்பள்ளி’. முன்னால் இருக்கும் ‘திரு’ மரியாதைக்குச் சேர்ந்தது. அதை எடுத்துவிட்டால் ‘திரிசிர’ என்ற ஒலியே மிஞ்சவில்லை, அரக்கனின் மூன்று தலையும் போயிற்று. மலைக்கோட்டைக் குகையில் துறவிகளின் கற்படுக்கைகளும் ‘சிரா’ என்று வெட்டிய பெயரும் இருப்பதால், சிரா என்பவர் தங்கிய பள்ளி என்ற விளக்கம் வலுப்பெறுகிறது.

மதுரைக்கும் இதையே செய்து பார்க்கலாம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான அழகர்மலைத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு ‘மதிரை’ என்கிறது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’ என்று போட்டுக்கொண்டான். மதுரம் என்ற இனிப்பிலிருந்து மதுரை வந்தது என்பவர்கள் இந்த ‘தி’க்குப் பதில் சொல்லியாக வேண்டும். மருதை என்பவர்களும்தான்.

கல்வெட்டு கிடைக்காத சின்ன ஊர்களா? 18, 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளுக்கு வாருங்கள். செங்கல்பட்டுப் பகுதிக்கு ஆங்கிலேயப் பொறியாளர் தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக எடுத்த கணக்கு இருக்கிறது. 1821இல் இறந்த நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி திரட்டிய கைபீதுகளில், அதாவது ஊர் வரலாற்றுக் குறிப்புகளில், கணிசமானவை சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. மாவட்ட ஆவணக் காப்பகங்களில் பழைய நில அளவைப் பதிவுகள் கிடைக்கும். அதற்கு மனுப் போட வேண்டும், காத்திருக்க வேண்டும்.

நான்காம் படி: மொழிபெயர்த்த பெயரைத் திருப்பிப் பாருங்கள்

சில ஊர்ப்பெயர்களைக் காலம் தேய்க்கவில்லை, யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். விருத்தாசலம் என்ற பெயரைப் பிரித்தால் விருத்தம் முதுமை, அசலம் மலை. தேவாரத்தில் அதே ஊர் முதுகுன்றம். வேதாரண்யம் மறைக்காடு. மாயூரம் மயிலாடுதுறை, அதில் மயில் மட்டும் வடமொழிக்குப் போய், துறையும் ஆட்டமும் வழியில் விழுந்துவிட்டன. கும்பகோணம் குடமூக்கு, கும்பம் குடம், வடமொழியில் ‘கோணா’ என்றால் மூக்கு. கோணம் என்றதும் மூலை என்று நினைத்துவிட்டால் இந்த முடிச்சு அவிழாது.

மொழிபெயர்த்தவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மறைக்காடு முதலில் ‘மரைக்காடு’, அதாவது மரை என்ற மான் திரிந்த காடாக இருந்திருக்கலாம் என்றொரு கருத்து உண்டு. ஓர் எழுத்து மாறியதில் மான் வேதமாகிவிட்டது என்பது கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் சுவையாக இருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் படி: கிடைத்த விளக்கத்தை அடித்துப் பாருங்கள்

ஒரு விளக்கம் கையில் வந்ததும் மூன்று பக்கமிருந்து தட்டிப் பாருங்கள்.

அக்கம்பக்கத்து ஊர்களைக் கேளுங்கள். நவாபின் குதிரை லாயம் இருந்ததால் ‘கோடா பாக்’, அது கோடம்பாக்கம் ஆயிற்று என்கிறார்கள். சரி, அப்படியானால் நுங்கம்பாக்கத்தில் என்ன கட்டியிருந்தார்கள்? சேப்பாக்கத்தில்? மீனம்பாக்கத்தில்? புரசை மரத்தின் பெயரோடு நிற்கும் புரசைவாக்கத்தில்? இத்தனை பாக்கங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் உருதுத் தோட்டமாக இருக்க முடியாது. நுங்கம்பாக்கத்தின் பெயர் 11ஆம் நூற்றாண்டுத் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலேயே வருகிறது. ஆற்காட்டு நவாபுகள் வர இன்னும் அறுநூறு வருடங்களுக்கு மேல் இருந்தது. ‘கோடம்’ என்ன என்பது தனிக் கேள்வி. பாக்கம் மட்டும் பாக் இல்லை.

ஒலி மாற்றம் தமிழின் வழக்கப்படி நடந்திருக்கிறதா என்று பாருங்கள். பாக்கம் வாக்கம் ஆகும், புரம் வரம் ஆகும். பல்லவபுரம் பல்லாவரம் ஆனதைப் போல. இடையில் இருக்கும் அசைகள் விழும். செங்கழுநீர்ப்பட்டு செங்கல்பட்டு ஆனது அப்படித்தான். அங்கே செங்கல் சூளையைத் தேடிப் போக வேண்டியதில்லை. இதே மாற்றம் வேறு நான்கு ஊர்களிலும் நடந்திருந்தால் நம்பலாம். உங்கள் ஊருக்கு மட்டும் ஒரு தனி விதி தேவைப்பட்டால் அந்த விளக்கத்தைத் தூக்கி வையுங்கள்.

மண்ணையும் பாருங்கள். மரப்பெயர் என்றால் அந்த மரம் அங்கே வளருமா? சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. தில்லை உப்பங்கழியோரத்தில் வளரும் மரம். பக்கத்துப் பிச்சாவரம் சதுப்புக் காட்டில் இன்றும் நிற்கிறது. பெயரும் நிலமும் கைகோத்துக்கொள்கின்றன. ஆற்காட்டை ஆறு காடுகள் என்று விரிப்பதைவிட, ஆர், அதாவது ஆத்தி மரம் நிறைந்த காடு என்பது எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுகிறது. தமிழில் எண்ணை வைத்துக் கதை சொல்லும் ஊர்ப்பெயர் விளக்கங்களில் பலவும் பின்னால் கட்டியவையே.

தலைச்சொல்லுக்குப் பொருள் தேடும்போது இன்றைய அகராதியோடு நிற்காதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இருக்கிறது. வட்டார வழக்கும் கல்வெட்டுச் சொல்லும் அதில் நிறைய.

ஆறாம் படி: எழுதி வைக்கும் விதம்

கண்டுபிடித்ததை எழுதும்போது மூன்று பெட்டி போட்டுக்கொள்வது என் வழக்கம். எழுத்துச் சான்று உள்ளது ஒன்று. சான்று இல்லை, ஆனால் ஒலியும் நிலமும் ஒத்துவருகிறது என்பது இரண்டு. ஊர் சொல்லும் கதை மூன்று. மூன்றாவதைக் குப்பையில் போட வேண்டாம். ஈரோட்டில் ஈர ஓடு, பிரம்மாவின் மண்டையோடு என்ற கதையும் உண்டு. பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் என்ற இரண்டு ஓடைகளால் ஈரோடை என்ற விளக்கமும் உண்டு. இரண்டாவது நிலத்தோடு பொருந்துகிறது. முதலாவது கோயிலோடு பொருந்துகிறது. எதை எந்தப் பெட்டியில் வைத்தீர்கள் என்று வாசிப்பவருக்குத் தெரிந்தால் போதும்.

ஊர்ப்பெயர் முடிந்ததும் சின்னப் பெயர்களுக்கு இறங்குங்கள். வயலுக்கு, குட்டைக்கு, பாறைக்கு, வாய்க்கால் மடைக்கு எல்லாம் பெயர் உண்டு. அவை எந்தக் கல்வெட்டிலும் இல்லை, சர்வே எண் வந்ததும் காகிதத்திலிருந்தும் மறைந்துவிட்டன. தெரிந்தவர்கள் எழுபது வயது தாண்டியவர்கள். அவர்களோடு நடந்து போய், இடத்தில் நின்று கேளுங்கள். திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் பாதிதான் நினைவுக்கு வரும். அலைபேசியில் பதிவு செய்யும்போது நீங்கள் முதலில் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். ‘இது ஏந்தல்தானே தாத்தா?’ என்று கேட்டால் ‘ஆமாம்பா’ என்றுதான் பதில் வரும். ‘இந்த எடத்துக்கு என்ன பேரு?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.